வின்டேஜ் பைக் ரேஸ்: எந்த வண்டி எந்தப் பிரிவில் ஓடும்?

வின்டேஜ் மோட்டார்சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். "பழைய வண்டி இருந்தால் போதும், இறங்கிவிடலாம்" என்பது ஒன்று. "பதிவுச் சான்றிதழில் 1972 என்று இருக்கிறது, அப்புறம் என்ன?" என்பது இன்னொன்று. இரண்டும் பாதி சரி. அந்தப் பாதியை நம்பி வண்டி வாங்கியவர்கள்தான் பந்தய நாள் காலையில் பரிசோதனைக் கூடாரத்தில் நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பந்தயங்களில் வண்டிகளைக் காலவாரியாகப் பிரித்து ஓட விடுகிறார்கள். அப்படிப் பிரித்த ஒவ்வொன்றும் ஒரு வயதுப் பிரிவு. ஒரு வண்டி எந்தப் பிரிவில் ஓடலாம், எதில் ஓடக்கூடாது என்று சொல்வது தகுதி விதி. பார்க்க ஆண்டுக் கணக்கு போலத்தான் இருக்கும். உள்ளே போனால், ஆண்டு என்பது ஒரு அடையாளம் மட்டும்தான்; விதிகள் உண்மையில் பார்ப்பது அந்த வண்டியில் இருக்கும் தொழில்நுட்பத்தை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

யாருடைய வயது?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே வயது என்றால் வண்டியின் வயது. ஆனால் ஓட்டுபவரின் வயதை வைத்தும் சில இடங்களில் பிரிவுகள் உண்டு. அமெரிக்காவில் பழைய வண்டிப் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு அமெரிக்கன் ஹிஸ்டாரிக் ரேசிங் மோட்டார்சைக்கிள் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்மா. அதன் மோட்டோகிராஸ் போட்டிகளில், அதாவது மேடும் பள்ளமுமான மண் பாதையில் ஓடும் போட்டிகளில், 40+, 50+, 60+, 70+ என்ற பிரிவுகளைப் பார்க்கலாம். அது மனிதரின் வயது. "1974 வரை" என்று இருந்தால் அது வண்டியின் வயது. ஒரே நாளில் இரண்டு வகையும் நடப்பதால் புதிதாக வருபவர் குழம்புவது சகஜம். இந்தக் கட்டுரை வண்டியின் வயதைப் பற்றியது மட்டும்.

வண்டிக்கு எத்தனை பிறந்த தேதி?

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிப்பதைப் பார்த்திருப்போம். 13 வயதுப் பையன் ஆசைப்பட்டால் பெரியவர்கள் பிரிவில் ஓடலாம். 16 வயதுப் பையன் சின்னவர்கள் பிரிவுக்கு இறங்கி வர முடியாது. வின்டேஜ் பந்தயமும் இதே போலத்தான்: பழைய வண்டியைப் புதிய காலப் பிரிவில் ஓட்டப் பெரும்பாலும் விடுவார்கள். தோற்றால் அது உங்கள் பாடு. புதிய வண்டியைப் பழைய காலப் பிரிவில் விட மாட்டார்கள்; ஒரு விலக்கு உண்டு, அது பின்னால் வரும்.

இந்த ஒப்புமை இத்தோடு நின்றுவிடுகிறது. பையனுக்குப் பிறந்த தேதி ஒன்றே ஒன்று. வண்டிக்கோ ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தேதி. ஃபிரேம் 1966-இல் செய்ததாக இருக்கும், இன்ஜின் 1962, முன் ஃபோர்க் 1971, கார்புரேட்டர் போன மாதம் வாங்கியது. பந்தய வண்டி என்றால் விழும், உடையும், மாற்றுவார்கள். ஐம்பது அறுபது வருடம் அப்படி ஓடிய வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் எத்தனை மிஞ்சியிருக்கும்? அதனால் 'இந்த வண்டியின் ஆண்டு என்ன' என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காது.

சுருக்கமாக: மேலே போகலாம், கீழே வர முடியாது. வண்டியின் வயது என்பது ஒரு காகிதத்தில் உள்ள ஒற்றைத் தேதி அல்ல.

பிரிக்கும் கோடு ஏன் அந்த இடத்தில் விழுகிறது?

ஒரு பிரிவுக்குள் வர வண்டி எந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டுமோ, அதற்கு வெட்டுத்தேதி என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர்கள் இதை யாரோ உட்கார்ந்து பத்துப் பத்து வருடமாக வெட்டியது என்று நினைக்கிறார்கள். நல்ல விதிப்புத்தகத்தில் கோடு அப்படி விழுவதில்லை. முந்தைய ஆண்டு வண்டியை அடுத்த ஆண்டு வண்டி சுலபமாக அடிக்கும்படி தொழில்நுட்பம் எங்கே ஒரு தாவு தாவியதோ, அங்கேதான் விழும்.

மோட்டோகிராஸில் இது பளிச்சென்று தெரியும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்துக்கு டிராவல் என்று பெயர். 1970-களின் தொடக்கம் வரை பின்சக்கரத்துக்கு நான்கு அங்குலம் டிராவல் இருந்தாலே பெரிது. பள்ளத்தில் இறங்கினால் ஷாக் அப்சார்பர் அடித்தட்டிவிடும். ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைக் குறைத்து, காலில் எழுந்து நின்று, எந்தப் பக்கம் மேடு குறைவு என்று பார்த்துத்தான் போக வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த மோனோஷாக்கை, அதாவது பின்னால் இரண்டு ஷாக்குக்குப் பதில் ஒற்றை ஷாக் உள்ள அமைப்பை, யமஹா எடுத்துக்கொண்டது. ஹாகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 1973-இல் 250 சிசி உலக சாம்பியன் ஆனார். அப்புறம் யாரும் சும்மா இருக்கவில்லை. ஷாக்கை முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள், சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் டிராவல் ஏறக்குறைய இரட்டிப்பானது. பழைய வண்டி வளைந்து ஒதுங்கிப் போன இடத்தில் புதிய வண்டி நேராக ஏறிப் போனது.

ஆர்மாவின் வின்டேஜ் மோட்டோகிராஸ் பிரிவுக்கு வெட்டுத்தேதி 1974-ஐ ஒட்டி விழுவதற்குக் காரணம் இதுதான். அதிலும் ஆண்டை மட்டும் நம்பி அவர்கள் நிற்பதில்லை. முன்னால் 7 அங்குலம், பின்னால் 4 அங்குலம், அதற்கு மேல் டிராவல் கூடாது என்று அளவாகவே சொல்லிவிட்டார்கள். 1974 வண்டி என்று சான்று வைத்திருந்தாலும் பின்னால் ஆறு அங்குலம் ஆடினால் அது இந்தப் பிரிவுக்கு இல்லை. இதைத் தொழில்நுட்ப வரம்பு என்பார்கள். ஆண்டு பொய் சொல்லலாம், அளவுகோல் சொல்லாது. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டிலேயே நேர்மையான விதி இதுதான்.

பாதையும் இந்தக் கணக்கில் சேரும். நான்கு அங்குல வண்டியை இன்றைய மோட்டோகிராஸ் தாவல்களில் ஏற்றினால் வண்டியும் தாங்காது, முதுகும் தாங்காது. வின்டேஜ் போட்டிக்கான பாதையில் பெரிய தாவல்கள் இருக்காது.

தார்ப் பாதையில் கோடு

சாலைப் பந்தயத்தில் தொழில்நுட்பத் தாவல்கள் ஒன்றல்ல, பல: டிரம் பிரேக்கிலிருந்து டிஸ்க், காற்றுக் குளிர்விப்பிலிருந்து தண்ணீர், பள்ளக் கோடு போட்ட டயரிலிருந்து வழவழப்பான ஸ்லிக் டயர். இவை எல்லாம் ஒரே வருடத்தில் வரவில்லை. அதனால் இங்கே கோடுகளும் நிறைய.

ஆஸ்திரேலியாவின் பிரிப்பு படிக்கத் தெளிவாக இருக்கும். 1919 வரை ஒரு காலம். பிறகு 1920 முதல் 1945. 1946 முதல் 1962. 1963 முதல் 1972. 1973 முதல் 1982. அதற்கடுத்து 1983 முதல் 1990. ஐந்தாவதற்கு 'மறக்கப்பட்ட காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுசுகி கட்டானா எல்லாம் அந்தக் காலத்து வண்டி. அதை யார் மறந்தார்களோ தெரியவில்லை.

1972 முடிவில் உள்ள கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யமஹாவின் தனியார் ஓட்டுநர்களுக்கான ரேஸ் வண்டிகள் அதுவரை காற்றில் குளிர்ந்த டிடி3, டிஆர்3. 1973-இல் வந்த டிஇசட்250, டிஇசட்350 தண்ணீரில் குளிர்பவை. எல்லாமே டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அந்த வகை இன்ஜின் சூடேறச் சூடேற சக்தியை இழக்கும். முதல் சுற்றில் இருந்த பலம் பத்தாவது சுற்றில் இருக்காது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் வந்ததும் அந்தச் சரிவு வெகுவாகக் குறைந்தது. அடுத்தடுத்த வருடத்து வண்டிகள்தான், ஆனால் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கோடு நடுவில் விழுந்ததால் இரண்டும் பிழைத்தன.

ஒரு சங்கத்தின் கோடு இன்னொன்றின் கோடு அல்ல. இங்கிலாந்தில் 1946-இல் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கியபோது 1930 முடிவுக்குள் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். இன்று அதே கிளப் 25 வயதான எந்த வண்டியையும் சேர்த்துக்கொள்கிறது. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா 30 வயது என்கிறது. இந்த 25-ம் 30-ம் நகரும் கோடுகள். வருடம் போகப் போக அவையும் முன்னே போகும். பந்தயப் பிரிவுகளின் கோடு பெரும்பாலும் நகராது. ஒருவருடைய 1990-களின் வண்டி கண்காட்சியில் 'பழைய வாகனம்' என்று பரிசு வாங்கலாம். அதனால் அது 1972 வண்டிகளோடு ஓடும் தகுதியைப் பெற்றுவிடாது.

இதுவரை பார்த்தது: வெட்டுத்தேதி விழுவது தொழில்நுட்பம் தாவிய இடத்தில். எந்தச் சங்கத்தின் பந்தயம் என்று தெரியாமல் 'என் வண்டி எந்தப் பிரிவு' என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இளைய பாகம் எதுவோ அதுவே வண்டியின் வயது

பல தேதி உள்ள வண்டிக்கு ஒரு பிரிவு எப்படிக் கொடுப்பது? விதிப்புத்தகங்கள் பாகங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. ஃபிரேம், இன்ஜின் கேஸ், சிலிண்டர், ஃபோர்க், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பிரேக், கார்புரேட்டர் போன்றவை முக்கியப் பாகங்கள். பட்டியல் சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும். இவற்றில் எது எல்லாவற்றிலும் பிந்திய காலத்தைச் சேர்ந்ததோ, வண்டி அந்தக் காலத்துக்குப் போய்விடும். சீட்டு, கிரிப், செயின், கேபிள் இவையெல்லாம் கணக்கில் இல்லை.

ஒரு வண்டியை எடுத்துப் பார்ப்போம். மேட்ச்லெஸ் ஜி50 என்பது 1958 முதல் 1962 வரை செய்த 500 சிசி ஒற்றை சிலிண்டர் ரேஸ் வண்டி. ஆஸ்திரேலியக் கணக்கில் 1946–1962 காலம். இங்கிலாந்துப் பந்தய வீரர் காலின் சீலி 1966-இலிருந்து இந்த இன்ஜினுக்குத் தானே இலகுவான ஃபிரேம் செய்து விற்றார். அப்படி ஒரு வண்டியை, அதாவது ஒரு சீலி ஜி50-ஐ, அதன் உரிமையாளர் காட்டுகிறார்: இன்ஜின் எண் 1962-க்கு முந்தியது, சுத்தமான அசல். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ஃபிரேம் 1966-க்குப் பிந்தியது. வண்டி அடுத்த காலத்துக்குப் போகும். இன்ஜின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த ஃபிரேமை சீலி செய்ததே பழைய ஃபிரேமை ஜெயிக்க! அதைப் பழைய ஃபிரேமோடு ஓட விட்டால் விதி எதற்கு?

இன்ஜினுக்கு உள்ளே போனால் விதிகள் திடீரென்று தாராளமாகிவிடும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு போன்றவை இன்றைய உலோகத்தில் செய்ததாக இருந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனையும் பல இடங்களில் விடுவார்கள். காரணம் நடைமுறைதான்: ஒவ்வொரு இன்ஜினையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது; அறுபது வருடப் பழைய ராடு பாதியில் உடைந்தால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. இதன் விளைவாக, நன்றாகத் தயாரித்த பழைய ரேஸ் வண்டி அது பிறந்த காலத்தில் ஓடியதைவிட இன்று வேகமாகவே ஓடும்.

ஒத்த வடிவமைப்பு: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

வெட்டுத்தேதிக்குப் பிறகு செய்த வண்டியாக இருந்தாலும், வடிவமைப்பு மாறாமல் முன்பு போலவே இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பல சங்கங்கள் சொல்கின்றன. இதுதான் ஒத்த வடிவமைப்பு விதி. ஆர்மாவின் விதிகளில் இது அடிக்கடி வரும். 1968-இல் வந்த ஒரு மாடலை 1973 வரை மாற்றமில்லாமல் செய்தார்கள் என்றால், 1973 வண்டி 1968 வண்டியைவிட வேகமில்லை. பிறகு எதற்கு அதை வெளியே நிறுத்துவது? பழசிலும் பழசைத் தேடி அலைய வேண்டாம், உதிரி பாகமும் எளிதாகக் கிடைக்கும்.

'மாடல் பெயர் ஒன்றுதானே' என்று நினைத்தால்தான் சிக்கல். ஹோண்டா சிபி350 1968-இல் வந்தது, முன்னால் டிரம் பிரேக். உள்ளதிலேயே செலவு குறைவாகப் பந்தயத்துக்குள் நுழையப் பலர் எடுக்கும் வண்டி இது. 1973-இல் இதே வண்டியின் 'ஜி' ரகத்தில் முன்னால் டிஸ்க் வந்துவிட்டது. டிரம் மட்டுமே அனுமதிக்கும் பிரிவில் முதலாவது ஓடும். ஜி ரகத்தை அப்படியே கொண்டுபோனால் ஓடாது. முன்பக்கத்தைக் கழற்றி டிரம் பிரேக்கும் அதற்கான ஃபோர்க்கும் பொருத்தினால் கதவு திறக்கும். வண்டியின் ஆண்டை மாற்றவில்லை, தொழில்நுட்பத்தைப் பின்னால் கொண்டுபோனோம்; விதி அதைத்தான் கேட்டது.

ஆண்டு என்ற சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. கவாஸாகி இசட்1 வெளிவந்தது 1972-இல். அது 1973 மாடல் என்றே அழைக்கப்பட்டது. 1972 முடிவில் கோடு என்றால் இது எந்தப் பக்கம்? விதிப்புத்தகம் 'தயாரித்த தேதி' என்கிறதா, 'மாடல் ஆண்டு' என்கிறதா என்பதைப் பொறுத்தது. இப்படிக் கோட்டின் மேலேயே நிற்கும் வண்டிகளைப் பல சங்கங்கள் பெயர் சொல்லியே ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். விதிப்புத்தகத்தில் அந்தப் பட்டியலைத் தேடிப் படிப்பது நல்லது.

ஒத்த வடிவமைப்பின் எல்லை, புதிதாகச் செய்யும் பிரதிகள். நார்ட்டன் மேங்ஸ் ரேஸ் வண்டியின் தயாரிப்பு 1960-களின் தொடக்கத்திலேயே நின்றது. ஆனால் அதன் இன்ஜினையும் ஃபிரேமையும் பழைய வடிவத்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அச்சு அசல் மாதிரி என்றால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். 'நேற்றுச் செய்த வண்டியை வின்டேஜ் என்பதா' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் பிரதிகளின் பக்கம். அசல் மேங்ஸின் விலை ஏறிய பிறகு அதைப் பாதையில் விழவைக்க யாருக்கு மனம் வரும்? பிரதிகள் இல்லையென்றால் அந்தப் பிரிவில் வரிசை நிறையாது. பிரதி என்ற பெயரில் இல்லாத ஒன்றைச் சேர்க்காமல் இருந்தால் போதும்: அந்தக் காலத்தில் இல்லாத அகல ரிம், அந்தக் காலத்தில் இல்லாத பிரேக் காலிபர் இப்படி.

சுருக்கமாக: முக்கியப் பாகங்களில் இளையது எதுவோ அதுவே வண்டியின் காலம். பிறகு செய்ததாக இருந்தாலும் பழைய வடிவமைப்பாகவே இருந்தால் வழி உண்டு. பெயரும் எண்ணும் மட்டும் போதாது.

சிசியும் சேரும்

வயதுப் பிரிவுக்குள் மீண்டும் இன்ஜின் அளவை வைத்துப் பிரிப்பார்கள். இதில் புரியாமல் போவது, 250 சிசி டூ-ஸ்ட்ரோக்கும் 350 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கும் ஒரே பிரிவில் நிற்பது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு முறையும் எரிதல் நடக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அதே அளவில் டூ-ஸ்ட்ரோக்குக்குப் பலம் அதிகம், அதனால் அளவைக் குறைத்துச் சமன் செய்கிறார்கள். சிலிண்டர் தேய்ந்தால் குடைந்து பெரிதாக்க வேண்டியிருக்கும் என்பதால் வரம்புக்கு மேல் கொஞ்சம் விட்டும் கொடுப்பார்கள்.

பாதுகாப்புக்கு வயது இல்லை

எவ்வளவு பழைய பிரிவாக இருந்தாலும் ஹெல்மெட்டும் தோல் உடையும் இன்றைய தரத்தில்தான் இருக்க வேண்டும். ஆயில் சிந்தாமல் பிடிக்க இன்ஜினுக்கு அடியில் தட்டு, வடிகால் போல்ட்டுகளுக்குக் கம்பிக் கட்டு, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச் என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் காலத்தில் இவையெல்லாம் இல்லையே என்ற வாதம் எடுபடாது. டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: ரப்பர் புதியதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும், ஆனால் பழைய பிரிவுகள் பலவற்றில் ஸ்லிக் கூடாது, ரிம்மின் விட்டமும் அகலமும் அந்தக் காலத்து அளவில் இருக்க வேண்டும்.

யார் நிரூபிப்பது?

பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதித்து அனுமதிப்பவர் பரிசோதகர். 'இந்தப் பாகம் அந்தக் காலத்தில் இருந்தது' என்று நிரூபிப்பது அவருடைய வேலை இல்லை, உங்களுடையது. பழைய விற்பனைக் கையேடு, பாகங்களின் பட்டியல் புத்தகம், அந்த வருடத்துப் பந்தயப் படம் ஆகியவைதான் சாட்சி. 'அப்போதே இதைப் போட்டு ஓட்டினார்கள்' என்று சொன்னால் படத்தைக் காட்டு என்பார்கள். ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் வண்டிக்கென்று ஒரு பதிவேடு உண்டு. ஒருமுறை ஆராய்ந்து எந்தக் காலம், எந்தப் பாகங்கள் என்று அதில் எழுதிவிட்டால் ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிலிருந்து வாதாட வேண்டாம். பாகத்தை மாற்றினால் பதிவேட்டையும் திருத்த வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

போட்டியாளர்களும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். முடிவு எதிராக வந்தால் வண்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை. பல நேரம் அடுத்த காலப் பிரிவுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே உங்களைவிடப் பத்து வருடம் இளைய வண்டிகள் காத்திருக்கும்.

வண்டி வாங்கப் போகிறவர் முதலில் எந்தச் சங்கத்தின் பந்தயம் என்று முடிவு செய்து, அதன் இந்த வருட விதிப்புத்தகத்தைப் படிக்க வேண்டும். போன வருடப் புத்தகம் உதவாது. பிறகு விற்பவரிடம் ஃபிரேம் எண், இன்ஜின் எண் இரண்டின் படத்தையும் கேளுங்கள். வண்டியை இரண்டு பக்கமும், முன் பிரேக்கைக் கிட்டத்திலும், கார்புரேட்டரில் பொறித்த எழுத்தோடும் படமெடுத்து வாங்குங்கள். இவற்றைச் சங்கத்தின் தகுதி அலுவலருக்கு அனுப்பினால் எந்தப் பிரிவு என்று எழுதியே பதில் வாங்கலாம். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.